போர்டைக் கண்டேன், புள்ளையக் காணல



கொஞ்சம் நீண்ட பதிவு. பாடசாலைக்குப் பிள்ளை அனுப்புகின்ற உம்மா வாப்பாமாரும், ஸ்கூல் வேன், ஓட்டோ ஓடுகின்ற சகோதரர்களும் கடைசி வரை வாசியுங்கள். யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எல்லோரும் ஒரே வீதியில்தான் போய் வருகிறோம், எல்லோருடைய பிள்ளைகளும் அதே வீதியில்தான் இறங்குகிறார்கள்.

இந்தத் தவணையில் காலையில் பாடசாலைக் கேற்றடியில் நிற்கும் கடமை எனக்கு. 7 மணிக்கு முன்னரே போய் நின்றால் 7.30க்கு மணியடிக்கும் வரை வாகனங்கள் வந்தபடியே இருக்கும். பிள்ளைகளை இறக்கிவிட்டு அவை திரும்பிப் போகும்போது பின்பக்கம்தான் நம் கண்ணில் படும். அதில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று கவனிக்கத் தொடங்கினேன்.

சில வேன்களில் மஞ்சள் நிறத்தில் ஒழுங்கான போர்ட் இருக்கிறது. "பாடசாலை வேன்" என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறார்கள், தூரத்திலேயே தெரிகிறது. சில வேன்களில் அதே போர்ட் வெயிலில் வெளிறி, எழுத்து உரிந்து, "பாட" மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஓட்டோக்களில் பின் ரெக்சீனில் கையால் எழுதிய "கவனம், பிள்ளைகள்" என்ற வாசகம். அதற்கு மேலே நடிகர் படம், கீழே கடை விளம்பரம். காரில் வருகின்றவர்களின் பின் கண்ணாடியில் "பேபி ஒன் போர்ட்" என்று ஆங்கிலத்தில் மஞ்சள் ஸ்டிக்கர். மோட்டார் சைக்கிளில் ஒன்றுமே இல்லை. ஆனால் மோட்டார் சைக்கிளில்தான் வாப்பாவுக்கு முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு பிள்ளை, நடுவில் மூன்று புத்தகப் பை.

இந்தப் போர்டுகளும் ஸ்டிக்கர்களும் ஒரே விசயத்தைத்தான் சொல்கின்றன. உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள், பின்னால் வருகிறவர்கள் பார்த்து வாருங்கள் என்று. நல்ல விசயம்தான். ஆனால் வேனுக்குள் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை விட, வேனில் இருந்து அப்போதுதான் இறங்கிய பிள்ளைக்குத்தான் ஆபத்து கூட. அந்தப் பிள்ளையைப் பற்றி எந்தப் போர்டும் ஒன்றும் சொல்வதில்லை.

எங்கள் பகுதியில் நடந்த ஒரு விசயத்தைச் சொல்கிறேன். பெயர், இடம் வேண்டாம். தெரிந்தவர்களும் இங்கே எழுத வேண்டாம்.

தரம் 2இல் படிக்கும் பெண் பிள்ளை. பாடசாலை விட்டு வேனில் வந்தது. வீடு வீதியின் மறுபக்கம். வேனை இந்தப் பக்கம் ஓரமாக நிறுத்தினார்கள். வேனின் முன்னாலும் பின்னாலும் போர்ட் இருந்தது, நல்ல போர்ட். பிள்ளை இறங்கியது. எதிர்ப்பக்கத்து வாசலில் உம்மா நிற்பதைக் கண்டதும் வேனின் முன்பக்கமாகச் சுற்றி ஓடியது. அதே நேரம் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் நின்றிருந்த வேனை முந்தியது. பிள்ளைக்குக் கால் முறிந்தது. பல மாதம் பாடசாலைக்கு வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இப்போது நடக்கிறது, விளையாடுகிறது. ஆனால் வீதியைக் கடப்பதென்றால் இப்போதும் யாருடையாவது கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறது.

மோட்டார் சைக்கிளில் வந்த தம்பியும் நம்மவர்தான். ஆஸ்பத்திரி வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். அவர் சொன்ன ஒரு வசனம் எனக்குள்ளேயே நிற்கிறது.

"போர்டைக் கண்டேன் சேர். புள்ளையக் காணல."

அவர் சொன்னது பொய் இல்லை. 7 வயதுப் பிள்ளையின் உயரம் எவ்வளவு, வேனின் உயரம் எவ்வளவு என்று பாருங்கள். பெரிய ஆள் ஒருவர் வேனுக்கு முன்னால் கடந்தாலே பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. பிள்ளை முழுதாக மறைந்துவிடும். 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகின்ற வாகனம் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடும். ஓடுகிறவர் பிள்ளையைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஏறத்தாழ ஒரு செக்கன் வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். வேனின் மறைவில் இருந்து பிள்ளை வெளியே வருவது 14 மீற்றருக்குள் என்றால், அந்த இடத்தில் எவ்வளவு நல்ல சாரதியும் ஒன்றும் செய்ய முடியாது.

இது ஒழுங்கைக்குள் நடக்கிற கதையும் இல்லை. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று வந்து மட்டக்களப்பு வரை போகின்ற ஏ4 வீதி நம் கரையோர ஊர்களின் நடுவால்தான் போகிறது. தூரப் பயண பஸ், லொறி, டிப்பர் எல்லாம் அதில்தான். கடை, பள்ளிவாசல், பாடசாலை எல்லாம் அதன் இரண்டு பக்கமும்தான். வெளியூரில் இருந்து வருகின்ற டிப்பர் சாரதிக்கு நம் ஊரில் எந்த வளைவில் எந்தப் பிள்ளை இறங்கும் என்று எப்படித் தெரியும்? அவருக்குச் சொல்வதற்கு நம்மிடம் இருப்பது அந்தப் போர்ட் மட்டும்தான். ஆகவே அந்தப் போர்ட் எப்போது என்ன சொல்கிறது என்பது முக்கியம்.

காரில் ஒட்டும் மஞ்சள் ஸ்டிக்கரைப் பற்றி ஒரு கதை சுற்றுவது உண்டு. விபத்தில் சிக்கிய காருக்குள் ஒரு குழந்தை இருந்தது யாருக்கும் தெரியாமல் போய் அது மரணித்ததாம், மீட்க வருகிறவர்கள் அறிவதற்காகத்தான் அந்த ஸ்டிக்கர் வந்ததாம். அது கட்டுக்கதை. அந்த வாசகம் 1984இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. மைக்கல் லேர்னர் என்பவரின் சேஃப்டி பெர்ஸ்ட் என்ற கம்பனி அதை விற்றது. பின்னால் வருகிறவர் கொஞ்சம் மெதுவாக வரட்டும் என்பதுதான் நோக்கம். ஓரிரு வருடத்துக்குள் காணும் கார் எல்லாம் அதே மஞ்சள் அட்டை. பிறகு "மாமியார் டிக்கியில்" என்று பகிடி அட்டைகளும் வந்துவிட்டன. எல்லாக் காரிலும், எல்லா நேரமும், பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒட்டியிருந்ததால் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு அலங்காரமாகிப் போனது.

நம் வேன் போர்டுக்கும் அதுதான் நடக்கிறது. காலையிலும் பகலிலும் பிள்ளைகளை ஏற்றுகிற வேன், பின்னேரம் கல்யாண ஹயர் போகிறது. சனி ஞாயிறில் சாமான் ஏற்றுகிறது. இரவு கொழும்புக்குப் போகிறது. போர்ட் அப்படியே இருக்கிறது. எனக்கு நன்கு பழக்கமான ஒரு வேன்கார காக்காவிடம் இதைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"கழட்டிக் கழட்டிப் பூட்ட எங்க சேர் நேரம்? ஹயர் போகக்குள்ளயும் அது கிடந்தா ரோட்டுல ஒரு மரியாத கிடைக்கும்."

அந்த மரியாதை பிள்ளைகளுக்கு உரியது. "பாடசாலை வேன்" என்ற போர்டோடு வேகமாக முந்திப் போகிற வெற்று வேனைக் கண்டவர், அடுத்த நாள் அதே போர்டோடு நிற்கிற வேனைக் கண்டால் எதற்காக வேகத்தைக் குறைக்கப் போகிறார்?

வேறு நாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால், அங்கேயும் தொடக்கத்தில் ஒழுங்கு இருக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் பிள்ளைகளைக் குதிரை வண்டியிலும் லொறியிலும் ஏற்றித்தான் பாடசாலைக்குக் கொண்டு போனார்கள். பஸ்ஸுக்கு ஆளுக்கொரு நிறம். தேசப்பற்று வரட்டும் என்று சிவப்பு, வெள்ளை, நீலம் பூசிய இடங்களும் உண்டு. 1939இல் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சைர் என்ற கிராமியக் கல்விப் பேராசிரியர், கல்வி அதிகாரிகளையும் பஸ் செய்கிற கம்பனிக்காரர்களையும் ஒன்றாக இருத்தி 44 நியமங்களை முடிவு செய்தார். அதில் ஒன்றுதான் இன்று எல்லோருக்கும் தெரிந்த அந்த மஞ்சள். விடியற்காலை, பொழுது படும் நேரம் போன்ற மங்கல் வெளிச்சத்தில் மஞ்சளின் மேல் கறுப்பு எழுத்து நன்றாகத் தெரியும் என்பதுதான் காரணம்.

ஆனால் அங்கே பிள்ளையைக் காப்பாற்றுவது நிறம் மட்டும் இல்லை. பிள்ளைகள் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் பஸ்ஸில் சிவப்பு லைட் மின்னும், பக்கத்தில் இருந்து ஒரு "நில்" பலகை வெளியே வரும். அது வெளியே வந்தால் மற்ற வாகனங்கள் நிற்க வேண்டும் என்பது எல்லா மாநிலத்திலும் சட்டம். பிள்ளைகள் ஏறி முடிந்ததும் பலகை உள்ளே போய்விடும், வீதி ஓடும். ஜப்பானிலும் பிள்ளைகளை ஏற்றி இறக்க நிற்கும் பாடசாலை பஸ்ஸைக் கடக்கிறவர் மெதுவாகத்தான் போக வேண்டும். அவர்களின் அறிவித்தல் பேசுவது பிள்ளை வெளியே நிற்கிற நேரத்தில். எப்போதும் பேசிக்கொண்டிருக்காததால், பேசும்போது கேட்கிறார்கள்.

நாம் அப்படி ஒரு சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் ஊருக்குள் நாமே செய்யக்கூடியவை இருக்கின்றன. பெரிய செலவும் இல்லை.

1. போர்டைக் கீல் போட்டுப் பொருத்துங்கள். பிள்ளைகள் இருக்கும்போது திறந்திருக்கட்டும், ஹயர் போகும்போது மடித்துவிடலாம். வெல்டிங் கடையில் அரை நாள் வேலை.

2. எழுத்தை விட ஒளிதெறிக்கும் ஸ்டிக்கருக்குச் செலவு செய்யுங்கள். காலையில் வெளிச்சம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் மார்கழி மழையில் 7 மணிக்கே இருட்டுப் போலத்தான் இருக்கும். டியூஷன், குர்ஆன் மத்ரஸா முடிந்து பிள்ளைகள் வருவது மஃரிபுக்குப் பிறகு. சாதாரணப் பெயின்ட் எழுத்து அப்போது கண்ணுக்குத் தெரியாது. நடிகர் படத்தைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள், அந்த இடத்தில் இதை ஒட்டலாம்.

3. பிள்ளை இறங்குவதற்கு முன்னரே நான்கு பக்கத்து சிக்னலையும் போடுங்கள். பிள்ளை வீட்டு வாசலுக்குள் போன பிறகுதான் நிறுத்த வேண்டும். சாமான் வாங்கக் கடையடியில் நிறுத்தும்போதும் அதைப் போட்டால் அதன் பெறுமதியும் போய்விடும்.

4. வீடு இருக்கிற பக்கத்தில் இறக்குங்கள். சுற்றி வர இரண்டு நிமிடம் கூடச் செல்லும், அவ்வளவுதான். முடியாத இடத்தில் உதவியாளரோ சாரதியோ இறங்கிக் கையைப் பிடித்துக் கடத்திவிட வேண்டும். பிள்ளை வேனுக்கு முன்னால் சுற்றி ஓடக்கூடாது. வேன் போன பிறகு, இரண்டு பக்கமும் தெரியும்போதுதான் கடக்க வேண்டும். இதை நாங்கள் வகுப்பிலும் சொல்லிக் கொடுக்கிறோம், வீட்டிலும் சொல்லுங்கள்.

5. உம்மாமாருக்கு ஒரு தனி வேண்டுகோள். நீங்கள் எதிர்ப்பக்கம் நின்று "வா மகள்" என்று கையைக் காட்டினால், பிள்ளை வீதியைப் பார்க்காது, உங்களைத்தான் பார்க்கும். நீங்கள்தான் கடந்து வந்து இந்தப் பக்கம் நிற்க வேண்டும்.

இனி, பலருக்குப் பிடிக்காத விசயம். காசு.

ஓட்டோவில் பிள்ளைகளை அடைத்துக் கொண்டு வருகிறார்கள் என்று பெற்றோர் என்னிடம் முறைப்பாடு சொல்கிறார்கள். சாரதியின் பக்கத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிள்ளை, ஹேண்டிலைத் திருப்பக்கூட இடமில்லை என்கிறார்கள். உண்மைதான், நானும் பார்க்கிறேன். ஒரு ஓட்டோக்காரத் தம்பியிடம் இதைக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை.

"சேர், 2022ல பெற்றோல் லைன்ல நாள் கணக்கா நிண்டு ஓடினன். அதுக்குப் பிறகு பெற்றோல், டயர், ஒயில் எல்லாம் எங்கயோ போயிட்டு. மாசம் 500 ரூபா கூட்டித் தாங்க எண்டா நாலு பேர் வேற ஓட்டோக்கு மாறுறாங்க. மிச்சம் இருக்கிற புள்ளைகளோட ஓடினா வீட்டுக்கு என்ன கொண்டு போற? இன்னும் ரெண்டு புள்ளைய ஏத்துறதுதான்."

நாம் பேரம் பேசிக் குறைக்கின்ற அந்த 500 ரூபா எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். நம் பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளையாக வந்து உட்கார்கிறது. அந்த ஓட்டோவின் பின்னால் "கவனம், பிள்ளைகள்" என்று எழுதியிருப்பதை முதலில் வாசிக்க வேண்டியது பின்னால் வருகிற லொறிக்காரர் இல்லை. ஏற்றுகிற சாரதியும், ஏற்றிவிடுகிற நாமும்தான்.

இதைச் சொல்லும்போது இரண்டு சம்பவங்கள் மனதில் வருகின்றன. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளை இழந்தோம். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. வீட்டுக்குப் போக ஏறிய பிள்ளைகள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக் கொள்வானாக, பெற்றோருக்குப் பொறுமையைக் கொடுப்பானாக. நான் யாரிலும் பழி போட வரவில்லை. அந்த இரண்டு இடத்திலும் பின்னால் வந்த வாகனம் மோதவில்லை, எந்தப் போர்டும் அங்கே உதவியிருக்காது. பிள்ளைகளை ஏற்றுகிறபோது இதில் இத்தனை பேர் போகலாமா, இந்த நேரத்தில் இந்த வழியால் போகலாமா என்று கேட்பதற்கு ஊரில் ஒரு வழக்கம் வேண்டும். ஏற்றுகிறவர் கேட்க வேண்டும், அனுப்புகிறவரும் கேட்க வேண்டும். கேட்டால் கோபிக்கக் கூடாது.

மோட்டார் சைக்கிள் வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. போர்ட் மாட்ட உங்களுக்கு இடமில்லை. ஆனால் பிள்ளையின் புத்தகப் பை பின்பக்கம்தான் இருக்கிறது. அதில் ஒளிதெறிக்கும் பட்டி ஒன்றை ஒட்டுங்கள், இரவில் தூரத்திலேயே மின்னும். பிள்ளையின் அளவுக்கு ஹெல்மட் வாங்குங்கள். பெரியவருடைய ஹெல்மட் பிள்ளையின் தலையில் ஆடிக்கொண்டிருந்தால் விழும்போது அதுதான் முதலில் கழன்று போகும். "கிட்டடிதானே சேர்" என்கிறார்கள். கேற்றடியில் இருந்து சந்தி வரைக்கும் கிட்டடிதான். அந்தச் சந்தியில்தான் டிப்பரும் திரும்புகிறது.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் ஈமானைச் சேர்ந்தது என்று நாம் சின்ன வயதிலேயே ஓதிக் கொடுக்கிறோம். பிள்ளைகளும் வீதியில் கிடக்கின்ற முள்ளை, கல்லை எடுத்து ஓரமாகப் போடுகிறார்கள். பெரியவர்கள் நாம் வேனை எந்தப் பக்கம் நிறுத்துகிறோம், ஓட்டோவில் எத்தனை பேரை ஏற்றுகிறோம் என்பதும் அதே பாடத்தில் வருகிற விசயம்தான்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மூன்று விசயங்களை முன்வைக்க இருக்கிறேன். பாடசாலைக்குப் பிள்ளை ஏற்றுகின்ற வேன், ஓட்டோ சாரதிகளையும் அந்தக் கூட்டத்துக்கு அழைப்பது. அவர்கள் இல்லாமல் நாம் மட்டும் முடிவெடுத்தால் அது நடக்காது. இரண்டாவது, ஒரு ஓட்டோவில் எத்தனை பிள்ளை, அதற்கு நியாயமான மாதக் காசு எவ்வளவு என்பதைப் பெற்றோரும் சாரதிகளும் ஒன்றாக இருந்து பேசித் தீர்மானிப்பது. தீர்மானித்த பிறகு யாரும் தனியாகப் போய்க் குறைத்துக் கேட்கக் கூடாது. மூன்றாவது, ஒளிதெறிக்கும் ஸ்டிக்கர்களை மொத்தமாக வாங்கிக் கொடுக்கப் பழைய மாணவர் சங்கத்திடம் உதவி கேட்பது.

வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை 11.30க்கே விடும். ஜும்ஆவுக்குப் போகிற அவசரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீதிக்கு வருகிறோம். இந்த வெள்ளிக்கிழமை ஒரு பத்து நிமிடம் முந்தி வெளிக்கிடுங்கள். நின்றிருக்கிற வேனைக் கண்டால் முந்த வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு பிள்ளை நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு நில்லுங்கள்.

வேன், ஓட்டோ சகோதரர்கள் உங்கள் பக்கத்துக் கஷ்டங்களை எழுதுங்கள். கூட்டத்துக்கு முன்னர் அவற்றையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.